மற்றவை, குறிப்பிடுக

கேள்வி பதினான்கு.
பயங்கரவாதத்துக்கு முதன்மையான காரணம்
எது என்று நினைக்கிறீர்கள்?
ஒன்றை மட்டும் சொல்லவும்.

வறுமை என்றால் 1, மதம் 2,
படிப்பின்மை 3, அந்நியப் படை 4, அநீதி 5.
தெரியாது 98. பதில் சொல்ல மறுத்தார் 99.
எதிலும் அடங்காவிட்டால் 97:
மற்றவை, குறிப்பிடுக.
நாற்பது எழுத்துக்குள்.

ஷார்ஜா, ரோலாவுக்குப் பின்னால் மூன்றாம் மாடி.
ஏசிக்கு அடியில் சொட்டு ஏந்தும் பெயின்ட் வாளி.
ஹெட்போன் பஞ்சில்
முந்தைய ஷிஃப்ட்காரனின் அத்தர் வாசம்.
முழுப் படிவத்துக்கு நாலு திர்ஹாம்,
பாதியில் வைத்துவிட்டால் ஒன்றுமில்லை.
எங்கோ ஒரு குளிர்நாட்டில் யாரோ
வெளிநாட்டார் கருத்தை அறிய விரும்புகிறார்கள்.
வெளிநாட்டார் நாங்கள்.
இங்கேயும் அதுதான்.

முதல் நாளே ஹனான் சொல்லிவிட்டாள்:
'மீரான் வேண்டாம். ரவி என்று சொல்.
மறுப்பவர்கள் குறைகிறார்கள், கணக்குப் பார்த்திருக்கிறோம்.'
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
போனில் அவள் நேன்சி.

நைட் டூட்டி முடிந்து படுக்கப்போன நர்ஸ் பெனிட்டா,
தக்கலைப் பக்கம், யோசிக்கவே இல்லை.
'ரெண்டு போடுங்க. எந்த மதம்னு
நான் சொல்லணுமா ரவி, உங்களுக்குத் தெரியாதா?'
தெரியும் மேடம் என்றேன்.
வைப்பதற்குமுன் 'சாப்ட்டீங்களா' என்றாள்.
முப்பது பேரில் அவள் ஒருத்திதான் கேட்டாள்.
உண்மையாகவே கேட்டாள்.

டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார் குல் ஜமான்,
மலைநாட்டுக்காரர், உருதுவில் கல் உருளும்.
'எங்கள் கூரையை இரண்டு பேர் கேட்டார்கள்.
இரவில் கதவைத் தட்டியவன்
படுக்க இடம் கேட்டான். கொடுத்தோம்.
கொடுக்காமல் இருக்க முடியுமா?
மற்றவன் கேட்கவே இல்லை,
மேலிருந்து எடுத்துக்கொண்டான்.
இதற்கு என்ன நம்பர்?'
4 போட்டேன். அழித்தேன். 5 போட்டேன்.
அழித்துவிட்டு 97-இல் தட்டத் தொடங்கினேன்.
பெட்டி 'கூரை'யோடு நின்றுவிட்டது.
மீட்டர் ஓடுகிறது என்றார், வைத்துவிட்டார்.
நாலு திர்ஹாமும் போயிற்று.

ஒரு சூப்பர்மார்க்கெட் கணக்காளர்
ஐந்தையும் வரிசையாக ஆமோதித்தார்.
ஒன்றை மட்டும் என்றதும் கோபப்பட்டார்.
கேமரா இருக்கிறது என்று ஒருவர் கிசுகிசுத்தார்,
அவர் அறையிலா என் அறையிலா தெரியவில்லை.
99.
99.
விசா புதுக்கும் மாதத்தில் 99 அதிகம்.

இருபத்தொன்பதாவது ஆள் தவேந்திரன்,
அஜ்மானில் அலுமினிய வேலை.
பின்னால் குக்கர் விசில், யாரோ வெங்காயத்துக்குச் சண்டை.
கேள்வியை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.
'தம்பி, அந்தச் சொல்லை ஆர் உமக்குத் தந்தது?'
படிவத்தில் இருக்கிறது அண்ணே.
'என்ர தமையனை ரேடியோவில அப்பிடித்தான் சொன்னவங்கள்.
அவனுக்குப் பயந்து நாங்களும்தான்
கட்டிலுக்குக் கீழ கிடந்தனாங்கள்.
ரெண்டும் உண்மை. ரெண்டையும் போடலாமோ?'

ஒன்றை மட்டும்.

'அப்ப நீர் சொல்லும், ரவி. உமக்கு என்ன காரணம்?'

எதிர்க்கேள்விக்கு என்று ஒரு வரி உண்டு,
மஞ்சள் தாளில் சுவரில் ஒட்டியிருக்கிறது:
உங்கள் கருத்துதான் எங்களுக்கு முக்கியம்.
வாசித்தேன்.

சொல்லாதது இது:
வேலைக்குச் சேர்ந்த அன்று
மாதிரிப் படிவம் ஒன்றை நாங்களே நிரப்ப வேண்டும்.
பெயர்க் கட்டத்தில் ரவி என்று எழுதிப் பழகினேன்.
பதினான்காம் கேள்வியில்
ரவி நொடிகூடத் தயங்காமல் 2 போட்டான்.
ஹனான் எட்டிப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போனாள்.
மீரான் என்ன போட்டிருப்பான் என்று
இன்றுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை.
நானும்.

'சரி, தொண்ணூற்றெட்டைப் போடும்' என்றார் தவேந்திரன்.
'தெரியும். ஆனா அதையே போடும்.'

போட்டேன்.
கேள்வி பதினைந்து.
உங்கள் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர்?

'இப்பவோ' என்றார், 'முந்தியோ?'